கஞ்சி வாசனையும் தார்நாகா மாலைகளும்

கஞ்சி போட்டு வெயிலில் விறைத்த பருத்தித் துணிக்கென்று ஒரு வாசனை உண்டு, சோற்று வாசனையும் இல்லை, சோப்பு வாசனையும் இல்லை, இரண்டுக்கும் நடுவே லேசான புளிப்போடு மூக்கில் ஏறிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகும், இப்போது டப்பாவிலிருந்து பீய்ச்சி அடிக்கிற கஞ்சியில் அது கிடையாது, அதில் ஏதோ ஒரு பூவின் பெயரில் நறுமணம்தான் வருகிறது. எப்போதாவது பொதட்டூர்ப்பேட்டைப் பக்கம் போய்வந்தவர்கள் கைத்தறித் துண்டு ஒன்று வாங்கிவந்து கொடுத்தால், மடிப்பைப் பிரித்த உடனே எனக்கு முதலில் திருத்தணியில் அவ்வாவின் தெரு வருகிறது, அதன் பின்னாலேயே, ஒட்டும் உறவும் இல்லாமல், ஹைதராபாத் தார்நாகாவில் மாலை நேரத்தில் ஸ்பானிய மொழி படித்த அறையும் வந்து நிற்கிறது. மூக்குக்கு நிலவியல் தெரியாது போலிருக்கிறது. பகலில் உளவியலும் மாலையில் ஸ்பானியமும் படித்தவளுக்கு இதற்கு ஒரு விளக்கமாவது தெரிந்திருக்க வேண்டும், விளக்கங்கள் தெரியும்தான், ஆனால் அவை வருவதற்குள் தெரு முந்திக்கொண்டு வந்துவிடுகிறது.

அம்மா வழியில் அவ்வா, அப்பா வழியில் ஆயா, இரண்டு பேருக்கும் திருத்தணிதான், ஒருத்தி வீட்டில் தெலுங்கு, இன்னொருத்தி வீட்டில் தமிழ், நடுவே பத்து நிமிட நடை. அவ்வாவின் தெருவில் இருட்டு விலகும்போதே பாவு போட ஆரம்பித்துவிடுவார்கள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நூலை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, வெயில் ஏறுவதற்குள் கஞ்சி தேய்த்து முடித்தாக வேண்டும், சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார்கள், பால்காரரும் அப்படித்தான், முதல் வெளிச்சம் அந்த நூலின் மேல் படும்போது தெரு முழுக்க ஈரமாகப் பளபளக்கும், பிறகு வெயில் தன் வேலையைப் பார்த்து அதை வெறும் வெள்ளை நூலாக ஆக்கிவிடும். அவ்வா வேப்பங்குச்சியை மென்றபடி திண்ணையில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பாள், யாரும் அவளை மேற்பார்க்கச் சொல்லவில்லை, நூல் அறுந்தால் தெலுங்கில் திட்டுவாள், அதே வாயைக் கொப்பளித்துவிட்டு மலையைப் பார்த்துக் கும்பிடும்போது முருகனிடம் தமிழில் பேசுவாள், கணக்குத் தெலுங்கில், பேரம் தமிழில், கோபம் தெலுங்கில், வேண்டுதல் தமிழில், எப்போது எந்தப் பக்கம் தாவுகிறோம் என்ற யோசனையே அவளுக்கு இருந்ததில்லை.

சாயங்காலம் ஆயா வருவாள், சம்பந்தி என்ற மரியாதைக்காகத் திண்ணையின் உயரமான பக்கத்தில் உட்கார வைப்பார்கள், அவ்வா தெலுங்கில் கேட்க ஆயா தமிழில் பதில் சொல்ல, விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் பேச்சு போகும், இரண்டு பேரில் ஒருத்தியும் மற்றவளின் மொழிக்கு முழுசாக மாறியதில்லை, மாறச் சொல்லிக் கேட்டதும் இல்லை. இவர்கள் பிறந்தபோது திருத்தணி சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலத்தோடு போனது, 1956இல் அது ஆந்திரப் பிரதேசம் ஆயிற்று, ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை எல்லாம் கடந்து 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது, திருப்பதி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. தாத்தா ஊர்வலங்களில் போனவர், அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் குரல் உயரும், ஆனால் அவ்வா வீட்டுக்கு வந்து சம்பந்தியம்மாளிடம் தெலுங்கில்தான் காப்பி கேட்பாராம், அதில் முரண்பாடு இருப்பதாக அந்த வீட்டில் யாருக்கும் பட்டதில்லை.

தாத்தாவுக்கு ஒரு பழக்கம், திருப்பதி பாசஞ்சர் ஊதினால் கை தானாக வெற்றிலைச் செல்லத்துக்குப் போகும், அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா வழியாகப் போகிற அந்த வண்டி தாமதமானால் வெற்றிலையும் தாமதம், ஒருநாள் வண்டி ரத்தானபோது மத்தியானம் முழுக்க எதையோ வைத்த இடம் மறந்தவர்போல வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார், என்ன தாத்தா என்றால் ஒன்றுமில்லை என்றார். இது நடந்து வெகுகாலம் கழித்து, உஸ்மானியாவின் வகுப்பறையில் பாவ்லவின் நாயைப் பற்றிப் பாடம் நடந்தபோது, எல்லோரும் சாப்பாட்டுக்கு முன்பே, அதன் அறிகுறிக்கே எச்சில் ஊறுகிற நாயைக் குறித்துக்கொள்ள, எனக்கு வெற்றிலைச் செல்லத்தின் பித்தளைக் கிளிக் சத்தம் கேட்டது, கூடவே சுண்ணாம்பு வாசனையும். பாவ்லவ் அந்தக் கருத்தை முதன்முதலில் உலகத்தின் முன் வைத்தது 1903இல், மாட்ரிட்டில் நடந்த பன்னாட்டு மருத்துவ மாநாட்டில், ரஷ்யக்காரர் ஒருவரின் நாய் ஸ்பெயினில் போய்ப் புகழ் பெற்றிருக்கிறது, நான் படித்த இரண்டு பாடங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்ட முதல் இடம் அதுதான், அதைக் கண்டுபிடித்த அன்று இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் கேன்டீனில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் ஹைதராபாத் என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943 முதலே உளவியல் துறை இருக்கிறது, மின்சார ரயிலில் போய்வருகிற தூரம்தான், ஆனால் அவ்வாவின் தெலுங்கு என்னிடம் இருந்தது, அதைச் செலவழிக்க ஓர் ஊர் வேண்டும் என்று தோன்றியது, திருப்பதி போய் நாராயணாத்ரி பிடித்தால் காலையில் செகந்திராபாத். உஸ்மானியா 1918இல் உருதுவைப் பயிற்றுமொழியாக வைத்து ஆரம்பித்த பல்கலைக்கழகம், மருத்துவத்தைக்கூட உருதுவில் சொல்லிக்கொடுத்தவர்கள், அந்தத் துணிச்சலெல்லாம் சுதந்திரத்துக்குப் பிறகு கரைந்து ஆங்கிலமாகிவிட்டது, 1939இல் திறந்த ஆர்ட்ஸ் காலேஜின் இளஞ்சிவப்புக் கல் மட்டும் சாயங்கால வெயிலில் பழைய கௌரவத்தோடு நிற்கும். அதன் பக்கத்திலேயே தார்நாகாவில் ஆங்கில, அயல்மொழி நிறுவனம், 1958இல் ஆங்கிலத்துக்கு மட்டும் என்று தொடங்கி 1972இல் அயல்மொழிகளையும் சேர்த்துக்கொண்டது, இன்று அதுவும் ஒரு பல்கலைக்கழகம், நான் போன நாட்களில் வெறும் சீஃபெல் என்ற சுருக்கப் பெயர்தான். பகலில் இந்தப் பக்கம் மனத்தைப் படித்துவிட்டு, மாலையில் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் ஸ்பானியம், இடையில் இரானி டீயும் இரண்டு உஸ்மானியா பிஸ்கட்டும், அந்த பிஸ்கட்டின் உப்பும் இனிப்பும் கலந்த ருசிதான் என் பட்டப்படிப்பு என்று சொன்னால் ஆசிரியர்கள் வருத்தப்படுவார்கள், பொய்யில்லை.

ஊர் திருத்தணி என்றதும் உளவியல் பேராசிரியர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து ராதாகிருஷ்ணன் ஊரா என்றார், அந்தக் கேள்வி எங்கள் ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் கேட்பதுதான், ஆனால் அவர் அடுத்துச் சொன்னது எனக்குப் புதிது, பிற்பாடு குடியரசுத் தலைவரான அந்த மனிதர் இளம் ஆசிரியராக இருந்தபோது வெளிவந்த ஆரம்பகால நூல்களில் ஒன்று உளவியல் பாடநூல், 1912இல் வந்தது. திருத்தணியில் 1888இல் பிறந்து, தெலுங்கு வீட்டில் வளர்ந்து, திருப்பதி, வேலூர், பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்று படித்த ஒருவர், இந்தியாவின் முதல் உளவியல் துறை கல்கத்தாவில் 1916இல் பிறப்பதற்கு முன்பே அந்தப் பாடத்துக்குப் புத்தகம் எழுதியிருக்கிறார், அவர் பிறந்த தேதியில் வருஷா வருஷம் மைக் கட்டிப் பேசுகிற எங்கள் ஊரில் ஒருவர்கூட இதைச் சொல்லிக் கேட்டதில்லை. தத்துவத்தின் மடியில் உளவியல் உட்கார்ந்திருந்த காலம் அது, எங்கள் பாடத்திட்டத்தில் தத்துவத்தை ஏறக்குறைய வெளியே அனுப்பிவிட்டுப் புள்ளியியலை உள்ளே விட்டிருந்தார்கள்.

எபிங்ஹாஸ் என்று ஒரு ஜெர்மானியர், 1885இல் புத்தகம் போட்டவர், அர்த்தமே இல்லாத அசைகளை ஆயிரக்கணக்கில் உண்டாக்கித் தன்னையே சோதனைக்கு வைத்து, மனப்பாடம் செய்ததில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள் கழன்றுவிடுகிறது என்று கண்டவர், அந்த மறதிக் கோட்டை நாங்கள் வரைபடத் தாளில் போட்டுக் காட்ட வேண்டும். மாலையில் ஸ்பானிய வினைச்சொற்களின் திரிபுகளை நெட்டுரு போட்டுவிட்டு விடுதிக்கு வந்து பார்த்தால் கோடு சரியாகத்தான் இருந்தது. ஆனால் திருத்தணிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் எபிங்ஹாஸுக்குத் தெரியாது, பொன்பாடி தாண்டியதும் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்று ஒரு ஸ்டேஷன் வரும், நாட்டிலேயே நீளமான பெயர்களில் ஒன்று, வண்டி பிளாட்பாரத்தைக் கடப்பதற்குள் மூச்சு விடாமல் சொல்லி முடிக்க வேண்டும், முடிக்காதவர்கள் நகரி வரைக்கும் ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட வேண்டும், அந்தப் பெயர் எனக்கு ஒரு மணி நேரத்தில் என்ன, நாற்பது வருஷத்திலும் கழன்று போகவில்லை. சீட்டு பறிபோகும் என்ற பயமும், கரிக்கம்பியில் வைத்த நெற்றியும், கூடையில் போகிற மாம்பழத்தின் வாசனையும் அதோடு ஒட்டியிருக்கின்றன, அந்த ஜெர்மானியர் சோதனையைச் சுத்தமாகச் செய்ய வேண்டி வாசனை எல்லாவற்றையும் கழித்துவிட்டார்.

ஸ்பானியத்தின் சிக்கலும் சுகமும் அதுதான், அதற்கு வாசனையே கிடையாது, அந்த மொழியில் என்னை யாரும் அடித்ததில்லை, கொஞ்சியதில்லை, சாமி கும்பிடச் சொன்னதில்லை, நாக்கை மடக்கிப் பழகிய வாய்க்கு உச்சரிப்பு மட்டும் எளிதாக வந்தது, றகரத்தை உருட்டுவதற்கு வடக்கிந்திய மாணவர்கள் திணறும்போது நாங்கள் இரண்டு தமிழர்கள் பெருமையோடு ஸ்பானியத்தில் நாயைக் கூப்பிட்டுக் காட்டுவோம். முதல் வருஷம் முடிகிற சமயத்தில் அவ்வா போய்விட்டாள். அதற்கு முந்தைய சில மாதங்களில் அவளுடைய ஞாபகம் நூல் நூலாகப் பிரிந்துகொண்டிருந்தது, முதலில் போனது எங்கள் பெயர்கள், அடுத்து தமிழ், ஆரம்பத்தில் பேரம் பேசுகிற தமிழ், கடைசியாக வேண்டிக்கொள்கிற தமிழ், புதியவை முன்னால் போகும், பழையவை பின்னால் போகும் என்று ரிபோ என்ற பிரெஞ்சுக்காரர் 1881இலேயே எழுதிவைத்திருக்கிறார், நான் அதைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆயா வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்து வழக்கம்போல் தமிழில் பேசுவாள், அவ்வா தெலுங்கில் எதையோ சொல்வாள், கேள்விக்கும் பதிலுக்கும் பொருத்தம் இருக்காது, சம்பந்தியம்மா இன்னிக்குத் தெளிவாத்தான் பேசறாங்க என்று ஆயா திரும்பும்போது எங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவாள்.

அவ்வாவின் துண்டு ஒன்றையும் பழைய வாயில் புடவை ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஹைதராபாத் திரும்பிய வாரம், ஸ்பானிய வகுப்பில் வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். அந்த மொழியில் இறந்தகாலம் இரண்டு, நடந்து முடிந்ததற்கு ஒன்று, வழக்கமாக நடந்துகொண்டிருந்ததற்கு இன்னொன்று, இரண்டாவதில் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். அப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் தமிழில் இரண்டு வரிக்கு மேல் போகாத கை, ஸ்பானியத்தில் அவ்வா எழுந்திருந்ததையும் பல் விளக்கியதையும் நூலுக்குக் காவல் இருந்ததையும் முழுப் பக்கம் எழுதியது, கண் கலங்கவில்லை, விகுதிகள் சரியாக இருக்கின்றனவா என்பதுதான் கவலை. ஆசிரியை நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தார், இரண்டு இடத்தில் சிவப்பு மை. அந்த ஆறுதல் எனக்குக் கொஞ்சம் அருவருப்பாகவும் இருந்தது, பாட்டியின் சாவை இவ்வளவு சுத்தமாக எழுத முடிகிறதே என்று.

பல வருஷம் கழித்து, 2014இல், பார்சிலோனாவில் இருந்த ஆல்பர்ட் கோஸ்டாவும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது, தறிகெட்டு ஓடிவரும் வண்டியிலிருந்து ஐந்து பேரைக் காப்பாற்ற வேண்டுமானால் பாலத்தின் மேல் நிற்கிற ஒருவனைக் கீழே தள்ளலாமா என்ற பழைய கேள்வியை, சிலரிடம் தாய்மொழியிலும் சிலரிடம் படித்துக் கற்ற மொழியிலும் கேட்டிருக்கிறார்கள், படித்த மொழியில் கேட்கப்பட்டவர்களில் தள்ளலாம் என்று சொன்னவர்கள் கூடுதல். அந்நிய மொழி நம்மைச் சம்பவத்திலிருந்து ஓர் அடி தள்ளி நிறுத்துகிறது என்பது அவர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. அவ்வாவிடம் இதைத் தெலுங்கில் கேட்டிருந்தால் கேட்டவனைத்தான் முதலில் தள்ளியிருப்பாள்.

கடைசிப் பருவத்தில் ஒக்தாவியோ பாஸைப் படித்தோம், மெக்சிகோவின் தூதராக அவர் டெல்லிக்கு வந்தது 1962இல், அப்போது ராஷ்டிரபதி பவனில் இருந்தவர் எங்கள் திருத்தணிக்காரர், 1968இல் தன் நாட்டு அரசு மாணவர்களைச் சுட்டுக் கொன்றதைப் பொறுக்காமல் பாஸ் பதவியைத் துறந்தார், மதுரையைத் தலைப்பாக வைத்துக்கூட அவருக்கு ஒரு கவிதை உண்டு. இரண்டு தோட்டங்களைப் பற்றிய நீண்ட கவிதை ஒன்றைத்தான் எங்களுக்குப் பாடமாக வைத்தார்கள், ஒன்று அவர் சிறுவனாக இருந்த மிஸ்கோவாக்கின் அத்திமரம், மற்றொன்று டெல்லி வீட்டின் வேப்பமரம். ஆசிரியை அத்திமரத்தை உருக்கமாக விளக்கினார், நான் வேம்பிலேயே நின்றுவிட்டேன், காலை நேரத்துக் கசப்பும் அவ்வா துப்புகிற சத்தமும் ஒரு மெக்சிகோக்காரரின் வரியிலிருந்து எழுந்து வந்தன, ஸ்பானியத்துக்கு முதன்முதலாக ஒரு வாசனை வந்து ஒட்டிய இடம் அது.

ஒட்டிய பிறகு விடவில்லை. 1975இல் ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் கோடனும் பேட்லியும் முக்குளிப்பவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், தண்ணீருக்கடியில் கற்ற சொற்கள் தண்ணீருக்கடியிலேயே நன்றாக நினைவுக்கு வந்தன, கரையில் கற்றவை கரையில். என் ஸ்பானியம் எப்போதோ துருப்பிடித்துவிட்டது, விமான நிலையத்தில் யாராவது அந்த மொழியில் பேசினால் பாதிதான் புரிகிறது, ஆனால் எண்ணெய் மிதக்கிற இரானி டீயில் பிஸ்கட்டைத் தோய்த்தால் எங்கிருந்தோ நாலு வாக்கியம் எழுந்து வருகிறது, சென்னைக் கடைகளில் இப்போது அந்த பிஸ்கட் பிளாஸ்டிக் டப்பாவில் கிடைக்கிறது, அதில் உப்பு போதவில்லை, வாக்கியமும் இரண்டுதான் வருகிறது.

நான் விட்டுவந்த அதே ஊரில், நிஜாம் மருத்துவ நிறுவனத்தின் ஞாபக மறதி நோய்ப் பிரிவுக்கு வந்தவர்களை வைத்துச் சுவர்ணா அல்லாடி என்ற நரம்பியல் மருத்துவர் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது, 648 நோயாளிகள், தெலுங்கு, உருது, இந்தி என்று பேசுகிறவர்கள், இரண்டு மொழியோ அதற்கு மேலோ பேசியவர்களுக்கு நோயின் அறிகுறி சராசரியாக நாலரை வருஷம் தாமதமாக வந்திருக்கிறது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அப்படியே, இரண்டுக்கு மேல் எத்தனை மொழி தெரிந்தாலும் கூடுதல் லாபம் இல்லை. வேறு சில நாடுகளின் ஆய்வுகளில் இந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதால் சண்டை இன்னும் ஓயவில்லை. கைநாட்டு வைத்த அவ்வாவுக்கு அந்த நாலரை வருஷம் கிடைத்ததா என்று ஒரே ஓர் ஆளை வைத்துச் சொல்ல முடியாது, எனக்குப் பாடம் எடுத்தவர்கள் அதை அடித்துத் திருத்திவிடுவார்கள், ஆனால் அந்த அட்டவணையைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது எண்கள் இல்லை, உயரமான திண்ணையும் தாழ்ந்த திண்ணையும், ஒருத்தி ஒரு மொழியில் கேட்க மற்றவள் வேறு மொழியில் பதில் சொன்ன சாயங்காலங்களும்தான், எங்கள் ஊரில் அதை யாரும் மூளைக்குப் பயிற்சி என்று நினைத்துச் செய்யவில்லை, பொழுது போக வேண்டியிருந்தது, செய்தார்கள்.

அந்தத் தெருவில் இப்போது பாவு போடுவதில்லை, போட்டாலும் கார் நிறுத்த இடம் விடவில்லை என்று சண்டைக்கு வருவார்கள், மிச்சமிருக்கிற நூலெல்லாம் விசைத்தறிக்குப் போகிறது, திண்ணையை இடித்துப் படிக்கட்டுக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள், தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குள்ளும் தமிழில் பேசி, அதிலும் பாதியை ஆங்கிலத்தில் முடிக்கிறார்கள், கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிற சித்தூர்ப் பக்கத்து ஜனங்கள் வந்தால்தான் கடைத்தெருவில் தெலுங்கு வாய்விட்டுக் கேட்கிறது. தங்கை மகள் இந்த வருஷம் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு உளவியலும் வேண்டும், ஸ்பானியமும் வேண்டும், 2022இலிருந்து ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யுஜிசி சொல்லிவிட்டது, நான் ரோட்டைத் தாண்டிச் செய்ததை அவள் முறைப்படியே செய்யலாம்.

அன்றைக்குச் சென்னைக்குப் போகிற ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பச்சை ஆந்தை வருகிற செயலியில் ஸ்பானியம் பழகிக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு சரியான விடைக்கும் அது டிங் என்கிறது, பாவ்லவ் பார்த்தால் காப்புரிமை கேட்பார், உச்சரிப்பு என்னுடையதைவிடத் தெளிவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

"பெரியம்மா, சைக்காலஜியோட ஸ்பானிஷ் படிச்சா ஸ்கோப் இருக்குமா?"

"இருக்கும். எனக்கு என்ன ஸ்கோப்னு கேக்காத."

"நீங்க அதுல கனவெல்லாம் காணுவீங்களா?"

"ஒரே தடவை. அதுலயும் கிராமர் தப்பு."

கொஞ்ச நேரம் ஆந்தையோடு இருந்துவிட்டு, அவ்வா தெலுங்கில் திட்டுவாங்கன்னு அம்மா சொல்வாங்களே, அது என்ன என்று கேட்டாள். எதிர் சீட்டில் நாமம் போட்ட பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்ததால் குரலைத் தணித்து, அவற்றில் மிகச் சாதுவான ஒன்றைச் சொன்னேன், போனில் தமிழ் எழுத்தில் அடித்துக்கொண்டு திருப்பிச் சொன்னாள், இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்காமல் மரியாதையாக, யாருக்கோ வணக்கம் சொல்வதுபோல. இன்னொரு தடவை சொல்லிக் கொடுத்தேன், அதற்குள் பெரியவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அப்படியில்லம்மா என்று நல்ல தெலுங்கில் அதைத் திருத்திச் சொன்னார், கூடவே அதைவிடக் காரமான ஒன்றையும் சேர்த்து, அரக்கோணம் வரைக்கும் அவள் அவரிடம்தான் பாடம் கேட்டுக்கொண்டு வந்தாள்.